ஸ்ப்ரே மாமாவின் நாலாவது கன்

மலிவாக ஒரு சாமானை வாங்கி, அதனால் மலையளவு நஷ்டப்படுவதில் ஸ்ப்ரே மாமாவை மிஞ்ச இந்த இலங்கைத் தீவில் இதுவரை ஒருவரும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும், மாமாவைக் கொட்டகலைக் கடைத்தெருவில் ஒருமுறை பார்த்திருந்தால், நமக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

மாமாவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் வருடக்கணக்காகக் குடியிருந்தும் தெரியாது. அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அத்தை அவரை நல்ல நேரத்தில் "இந்தாங்க" என்பார், மற்ற நேரத்தில் "இந்த மனுசன்" என்பார். ஊர்தான் 'ஸ்ப்ரே மாமா' என்று பெயர் வைத்தது. அவர் ஏதோ கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வைத்திருந்தது ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோக் கொப்பி, போன் கார்டு, லாமினேட்டிங். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அவரிடம் ஒன்று இருக்கிறது என்பது மட்டுமே.

அது ஒரு சின்ன ஜப்பான் கார். நாலு பேர் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஏற்றத்தில் இரண்டு பேர் இறங்கித் தள்ள வேண்டும் என்பதைப் போடவில்லை. ஒரு காலத்தில் வெள்ளை நிறம். எங்கள் ஊர் மழையும் மூடுபனியும் சேர்ந்து அதைத் துருவும் வெள்ளையும் கலந்த ஒரு நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன.

நாட்டுக்கு வாகனம் வருவது நின்றுபோன காலம் அது. புதுக் கார் கிடையாது என்றதும், எல்லோருக்கும் அவரவர் பழைய கார்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மாமாவுக்கும் பொங்கியது. நுவரெலியாவில் ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோய்ப் பெயிண்ட் அடிக்க என்ன ஆகும் என்று கேட்டார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, அவமானப்பட்ட முகத்தோடு திரும்பி வந்தார்.

"மாஸ்டர், அவன் கேட்ட காசுக்கு அவனையும் அவன் கராஜையும் சேத்து வாங்கிறலாம்" என்றார் என்னிடம். நான் கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "ஒரு ஸ்ப்ரே கன்னு. கொஞ்சம் காத்து. கொஞ்சம் பெயிண்டு. இதுக்கா இவ்வளவு ஆட்டம்? நானே அடிக்கிறேன், பாருங்க."

பார்த்தோம். தெருவே பார்த்தது.

அன்றிலிருந்து கொமினிகேஷன் கடை ஒரு கல்லூரியாகிவிட்டது. மாமா காலையிலிருந்து மாலைவரை போனில் ஸ்ப்ரே கன் வீடியோ பார்ப்பார். வீடியோவில் பேசுவது ரஷ்யனா கொரியனா என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. கன்னைக் காட்டினால் போதும். எஸ்டேட்டிலிருந்து கொழுந்துப் பறிப்பை அரைநாள் விட்டுவிட்டு வந்து, பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார் ஒரு அம்மா. அவருக்கு மாமா விரிவுரை நடத்துவார்.

"அக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. கப்பு மேல இருந்தா பெயிண்டு தானா எறங்கும். கப்பு கீழ இருந்தா காத்துதான் அத இழுக்கணும். எது நல்லதுங்கிறீங்க?"

"எனக்கு ரெண்டு கொப்பி வேணுங்க."

"மேல இருக்கறதுதான் நல்லது. ஆனா வெல கூட. அதுதான் யோசிக்கிறேன்."

"ஒண்ணரை மணிக்கு பஸ்ஸுங்க."

"மூக்குல இருக்கிற ஓட்டை இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாமே. சின்னதா இருந்தா அடைக்கும். பெருசா இருந்தா ஒழுகும்."

அந்த அம்மா பஸ்ஸைத் தவறவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஸ்ப்ரே கன் மூக்கின் அளவு தெரிந்திருந்ததுபோல் உலகத்தில் வேறெந்தத் தேயிலைத் தோட்டத்திலும் தெரிந்திருக்காது.

எல்லாம் படித்து முடித்து, மேலே கப்பு உள்ளதுதான் நல்லது என்று ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, மாமா போய் வாங்கியது கப்பு கீழே உள்ள ஒரு பிளாஸ்டிக் கன். கரண்டில் நேராகச் செருகி அடிப்பது. கம்ப்ரஸர் வேண்டாம். விலை குறைவு. கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர்தான் விற்றார், ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். நானா பொறுமைசாலி. பள்ளிவாசலுக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் போகாத மனிதர். அவர் செய்த முதல் தவறு, அன்றைக்குக் கடை திறந்தது.

மாமா முதலில் கோழிக்கூட்டுக் கதவில் பரீட்சை பார்த்தார். நானும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கன் முதலில் உறுமியது. பிறகு இருமியது. பிறகு சளி பிடித்த கிழவர் தும்மியதுபோல், கதவெங்கும் கொத்துக் கொத்தாய் வெள்ளையைத் துப்பியது. சேவல் ஒன்று புள்ளி விழுந்த கோலத்தில் வெளியே ஓடியது.

மறுநாள் மாமா கன்னைக் கழுவாமலே பெட்டியில் போட்டு நானாவிடம் கொண்டுபோனார்.

"நானா, இது சரியில்ல. திருப்பி எடுத்துக்குங்க."

நானா பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "மாமா, இது சுவருக்கு அடிக்கிற சாமான். பெட்டியிலயே சுவர் படம் போட்டு ஈக்குதானே."

"காருக்கு அடிக்கக்கூடாதுன்னு எங்கயும் போடலியே?"

இதற்குப் பதில் தெரிந்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. நானா அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த இரண்டாவது தவறு.

இரண்டாவது கன்னை மாமா கடையிலேயே வாங்கவில்லை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் டாங்கி ஒன்றை யாரிடமோ இரவல் கேட்டு வாங்கி வந்தார். "தண்ணிய அடிக்கிறது பெயிண்ட அடிக்காதா? காத்து ஒண்ணுதானே" என்பது அவர் கட்சி. பெயிண்டையும் தின்னரையும் கலந்து ஊற்றி, முதுகில் மாட்டி, கம்பீரமாகக் காரை நோக்கி நடந்தார். தின்னர் பட்டால் றப்பர் வாஷர் கரையும் என்பதை எந்த ரஷ்யனும் அவருக்குச் சொல்லவில்லை. காரை அடையுமுன் டாங்கியின் அடி கழன்றது. கழுத்திலிருந்து குதிகால்வரை மாமா முத்து வெள்ளை. முன்பக்கம் மட்டும் பழைய மாமா.

அத்தை வாசலுக்கு வந்து பார்த்தார். பின்பக்கமாகப் பார்த்ததால் முதலில் யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும், "காருக்குத் தவிர மத்த எல்லாத்துக்கும் அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவது கன் வந்தபோதுதான் குடும்பத்தில் உண்மையான நெருக்கடி வந்தது. இது நானாவிடமே வாங்கிய இரும்புக் கன், ஆனால் கப்பு கீழே. இருப்பதிலேயே மலிவு. இதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸர் விலையைக் கேட்ட மாமா, வீட்டுக்குப் போய் பிரிட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்று மாலை அத்தை கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது பிரிட்ஜ் இருந்தது. அதன் மோட்டார் இல்லை.

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சண்டை தெளிவாகக் கேட்டது. ஒலிபெருக்கி வைத்ததுபோல் கேட்டது.

"மீன் வாங்கி வச்சிருக்கேன். அத எங்க வைக்கிறது?"

"இந்தக் குளிருக்கு எதுக்குடி பிரிட்ஜ்? ஊரே பிரிட்ஜுதானே. ஜன்னல்ல வையி!"

அத்தை ஜன்னலில் வைத்தார். பூனை எடுத்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் மாமாவுக்குச் சோற்றோடு பருப்பும் மௌனமும்தான் கிடைத்தன.

பிரிட்ஜ் மோட்டாரையும் ஒரு பழைய காஸ் சிலிண்டரையும் இணைத்து மாமா செய்த கம்ப்ரஸர், ஒரு கதவில் பாதிவரை அடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அது மூச்சைத் திரும்பப் பிடிப்பதற்குள் கதவின் முதல் பாதி காய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு கதவும் இரண்டு நிறம். அதுவும் வழவழப்பாக வரவில்லை. தோடம்பழத் தோல்போல் புள்ளி புள்ளியாக வந்தது. மாமா அதற்கும் தயார். "வெளிநாட்டுக் காருல இப்படித்தான் வரும். தடவிப் பாருங்க, கைக்கு நல்லாப் பிடிப்பு இருக்கும்."

காரில் ஒட்டாத பெயிண்டெல்லாம் காற்றில் எங்கள் பக்கம் வந்தது. வசந்தி, அதாவது என் மனைவி, தீபாவளிக்கு எடுத்த சிவப்புச் சேலையைக் கொடியில் காயப்போட்டிருந்தாள். எடுக்கும்போது அதில் வெள்ளைப் புள்ளிகள். எதிர்வீட்டுக் கறுப்பு நாய் ஒரே பகலில் நரைத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் நாய்க்கு ஏதோ நோய் என்று ஊசி போடக் கூட்டிப்போனார். மாமா தடுக்கவில்லை. "ஊசி போட்டா நல்லதுதானே" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேல் மூடுபனி. கொட்டகலையில் மூடுபனி கேட்டுக்கொண்டு வருவதில்லை. மாமா எப்படியோ ஒரு பக்கத்தை ஒப்பேற்றி, "வாங்க மாஸ்டர், பாருங்க" என்று கூப்பிடும் நேரம் பார்த்து மலையிலிருந்து இறங்கி வரும். ஈரம் பட்டதும் பளபளப்பு போய், பெயிண்ட் கழுவாத பால்போத்தல் மாதிரி மங்கிவிடும். குழாயிலும் தண்ணீர் சேர்ந்து, கன் நடுநடுவே தண்ணீரைத் துப்பும். "காத்துல வர்ற தண்ணியப் பிடிக்கிறதுக்கு ஒரு சாமான் ஈக்கு மாமா, அத மாட்டுங்க" என்று நானா தலையால் அடித்துச் சொன்னார். மாமா விலையைக் கேட்டார். வீட்டுக்கு வந்து ஊறுகாய்ப் போத்தலில் இரண்டு ஓட்டை போட்டு அவராகவே ஒன்றைச் செய்தார். அதற்குப் பிறகு பெயிண்டில் தண்ணீரோடு லேசாக ஊறுகாய் வாசமும் வந்தது.

மாமா அடிப்பார். மங்கும். தேய்ப்பார். திரும்ப அடிப்பார். ஒழுகும். தேய்ப்பார். கார் மாதக்கணக்கில் வாசலைவிட்டு நகரவில்லை.

இந்த நேரத்தில்தான் நாட்டில் பெட்ரோல் தீர்ந்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. வரிசை நகரவில்லை. கரண்டும் நினைத்தபோது வந்து நினைத்தபோது போனது. ஊரெல்லாம் வெறும் டாங்கியோடு திண்டாடியபோது, ஒரே ஒரு காரில் மட்டும் பெட்ரோல் நிரம்பியிருந்தது. பெயிண்ட் வேலை ஆரம்பிக்குமுன், 'முடிஞ்சதும் ஒரு ரவுண்டு போகலாம்' என்று மாமா முழு டாங்கி அடித்து வைத்திருந்தார். கார் நகராததால் ஒரு சொட்டும் குறையவில்லை. த்ரீவீலர்க்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். மாமா அசையவில்லை.

"டாங்கி காலியா இருந்தா உள்ள ஈரம் சேரும். ஈரம் பெயிண்டுக்கு ஆகாது" என்றார். இதைவிடக் கடைந்தெடுத்த சுயநலத்தை இவ்வளவு விஞ்ஞானமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நானாவுக்கோ வேறு கவலை. மூன்றாவது கன்னையும் மாமா திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார். நானா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய், கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். நல்ல கன். மேலே கப்பு. கார் பெயிண்டுக்கென்றே செய்த மூக்கு. ஆக மலிவுமில்லை, ஆக விலையுமில்லை.

"மாமா, இத மொதல்லயே எடுத்திருந்தா இவ்வளவு கஷ்டமே இல்ல. நான் வாங்கின வெலைக்கே தாறன். தண்ணி பிடிக்கிற சாமானையும் சும்மா தாறன். ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"இனி இந்தக் கடைப்பக்கம் வரப்படாது."

மாமா யோசித்துவிட்டு, "பெயிண்டு வாங்கவுமா?" என்று கேட்டார். நானா கும்பிட்டார்.

கம்ப்ரஸரும் கிடைத்தது. ஓடும் வண்டி இல்லாததால் டயர்க் கடை ஈயடித்துக்கொண்டிருந்தது. டயர்க் கடைக்காரர் தன் கம்ப்ரஸரை இரவல் கொடுத்தார்.

அப்போது வசந்தி நிறைமாதம். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இருக்கிறதென்று நாங்கள் தைரியமாக இருந்தோம். ஒரு த்ரீவீலர்க்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தோம். அவர் பெட்ரோல் வரிசையில் இருந்தார்.

அன்று எங்கள் ஊரில் அதிசயமாக வெயில் அடித்தது. கரண்டும் இருந்தது. மாமா காரின் பம்பர்களைக் கழற்றி வைத்திருந்தார். கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களால் மூடி ஒட்டியிருந்தார். காலையிலிருந்து அடித்தார். மத்தியானம் தாண்டியபோது, மதிலுக்கு மேலாக அவர் குரல் கேட்டது.

"மாஸ்டர்! ஓடி வாங்க!"

போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும். கார் முத்துப்போல் இருந்தது. புள்ளியில்லை, ஒழுகலில்லை, மங்கலில்லை. என் முகமும் அதில் தெரிந்தது. மாமா கையில் கன்னோடு, கண்ணில் தண்ணீரோடு நின்றார். அது தின்னர் பட்டதாலும் இருக்கலாம்.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்றார். "சாயங்காலம்வரைக்கும் ஒரு தூசி படக்கூடாது."

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வசந்தி என்னைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினோம். அது இன்னொரு நோயாளியோடு தூரத்தில் இருந்தது, வர நேரமாகும் என்றார்கள். த்ரீவீலர்க்காரர் வரிசையில் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார், ஆனால் டாங்கியில் ஒன்றுமில்லை. அத்தை ஓடிவந்து வசந்தியைத் தாங்கிக்கொண்டார். நான் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, காரு..."

"தொடாதீங்க!"

"மாமா, வசந்திக்கு வலி வந்திருச்சு."

மாமா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் காரைப் பார்த்தார். தலைப்பிள்ளை பெறப்போகும் வசந்திக்கும் அவ்வளவு வேதனை இருந்திருக்காது. எனக்கு அந்த நேரத்தில் அவர் கழுத்தைப் பிடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"கொஞ்சம் பொறுக்க முடியாதாமா?" என்று கேட்டார். "சாயங்காலம்வரைக்கும்?"

மதிலுக்கு அப்பாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "இந்த மனுசன் இப்ப கார எடுக்கலன்னா, அந்தக் கன்னாலயே நான் இவரு மூஞ்சிக்கு அடிப்பேன்!"

மாமா சாவியை எடுத்து வந்தார். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது. யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் வந்தார். முன்கண்ணாடிப் பேப்பரில் தன் முகத்தளவுக்கு ஒரு ஓட்டை கிழித்தார். ஒரே விரல் நுனியால் பின்கதவைத் திறந்தார்.

"அம்மா, பாத்து ஏறு தாயி. சுத்தி எங்கயும் படாம ஏறு."

வசந்தி அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன். அவளும் அத்தையும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் ஏறினேன். ஏறியதும் மாமா கன்னை என் மடியில் வைத்தார். கப்பு நிறையத் தின்னர் ஊற்றி மூடியிருந்தார்.

"இத ஆட்டிக்கிட்டே வாங்க. சும்மா விட்டா பெயிண்டு உள்ள இறுகிரும். நல்ல கன்னு மாஸ்டர், வீணாகிரக்கூடாது."

சாவியைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் ஓடாத காரில் பாட்டரி செத்திருந்தது. தள்ள வேண்டும். தெருவே திரண்டு வந்தது. பெட்ரோல் கேட்டு விரட்டப்பட்ட த்ரீவீலர்க்காரர்களும் வந்தார்கள். நரைத்த நாயின் சொந்தக்காரரும் வந்தார். மாமா தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"கைய வைக்காதீங்கடா! பம்பரப் பிடிச்சுத் தள்ளுங்க!"

"பம்பர் எங்க மாமா?"

பம்பர் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. காரில் பிடிக்க இருந்ததெல்லாம் ஈரப் பெயிண்ட் மட்டும்தான். எல்லோரும் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தையே பார்த்தார்கள். பின்னால் வசந்தி அலறினாள். மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"தள்ளுங்கடா" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. "ம்ம். தள்ளுங்க!"

தள்ளினார்கள். இத்தனை நாள் பகையையும் சேர்த்து வைத்துத் தள்ளினார்கள். கார் இறக்கத்தில் ஓடி, விக்கி, உறுமி, உயிர் பிடித்தது.

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார் போன கோலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். உடம்பெல்லாம் பேப்பர் படபடக்க ஒரு வெள்ளைக் கார். முன்னால் ஒரு ஓட்டையில் ஒரு மூஞ்சி. காற்று வேண்டும் என்று பக்கக் கண்ணாடிகளை இறக்கியிருந்தோம். பாதி கிழிந்த பேப்பர் ஒன்று வசந்தியின் முகத்துக்கு நேரே ஆடியது. அது வார ராசிபலன் பக்கம். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் அவள் அதைப் படித்திருக்கிறாள்.

"கடகம். பொறுமை தேவை. பிரயாணத்தைத் தவிர்க்கவும்" என்று வாசித்துவிட்டு, பின்னாலிருந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். நான் வலியோடு கன்னை ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமா ஓட்டைவழியே பாதையைப் பார்த்து, "குழி வருது குழி வருது" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினார். வசந்திக்காகப் புலம்புகிறார் என்று நினைத்தேன். "சேறு தெறிக்கும்" என்று முடித்தார்.

வழியில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். பேப்பர் சுற்றிய காரை அவர் அதற்குமுன் பார்த்திருக்க நியாயமில்லை. குனிந்து என் மடியைப் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெருமையாக முந்திக்கொண்டார்.

"கன் எக, சேர்!"

பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. நல்லவேளையாக வசந்திக்கு அடுத்த வலி வந்தது. அவள் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போய், "யன்ன! யன்ன!" என்று எங்களை விரட்டினார். போ போ என்பதை அவ்வளவு வேகமாகச் சொன்ன பொலிஸ்காரரை நான் கண்டதில்லை.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

வெளி விறாந்தையில் நான் கன்னோடு நின்றேன். வைக்க இடம் தெரியவில்லை. கடைசியில் தாதி வந்து, பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நான் அழுதுவிட்டேன். மாமா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தாதியிடம், "இப்ப மணி என்னங்க மிஸ்?" என்று கேட்டார். சொன்னார். மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"இந்நேரம் காஞ்சிருக்கும்" என்றார்.

வெளியே போய்க் காரைப் பார்த்தோம். பின்பக்கம் முழுவதும் கை. பெரிய கை, சின்னக் கை, ஒரு இடத்தில் யாரோ ஒருவரின் கன்னம். பக்கங்களில் சேறு. கதவில் அத்தையின் சேலை நூல் நீளத்துக்கு ஒட்டியிருந்தது. முன்பக்கம் முழுக்கப் பூச்சிகள். மாமா காரைச் சுற்றி வந்தார்.

"மாமா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் வாயைப் பொத்தினார். ஆட்கள் உட்காரப் போட்டிருந்த ஆஸ்பத்திரி வாங்கு ஒன்றைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறி நின்றார். "மாஸ்டர், இங்க ஏறுங்க" என்றார். ஏறினேன்.

காரின் கூரையில் ஒரு கை படவில்லை. ஒரு சொட்டுச் சேறு படவில்லை. மாலை வெளிச்சத்தில் அது கண்ணாடிபோல் கிடந்தது.

"பாத்தீங்களா? ஒரு புள்ளி இருக்கா? சொல்லுங்க, இருக்கா?"

"இல்ல மாமா."

அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த பாதிப்பேர் அந்த வாங்கில் ஏறி இறங்கினார்கள். காவல்காரர், கூட்டுகிற பெண், கால் கட்டுப் போட்ட ஒருவர். அவரை மாமாவே தூக்கிக் காட்டினார். தாதி வந்து, பிள்ளையைப் பார்க்க வரச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டபோது, "மிஸ், நீங்களும் ஒருக்கா ஏறிப் பாருங்க" என்றார்.

அந்தக் கைகளை மாமா ஒரு நினைவுச் சின்னம்போல் வைத்திருந்தார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். வைத்திருக்கவில்லை. அடுத்த வாரமே வாட்டர் பேப்பர் போட்டு, ஒவ்வொரு கைக்கும் சொந்தக்காரரைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே தேய்த்தார். திரும்ப அடித்தார். மூடுபனி இறங்கியது. மங்கியது. அந்தப் பழைய பளபளப்பு திரும்ப வரவேயில்லை. என் மகளை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "இவதான் என் பெயிண்ட் கோட்டக் கெடுத்தவ" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு அவளுக்கு டொபி வாங்கிக் கொடுப்பார். மலிவான டொபி.

நாங்கள் இப்போது ஹட்டனில் இருக்கிறோம். போன மாதம் நானும் ஒரு கார் வாங்கினேன். பழையதுதான், ஆனால் பெயிண்ட் நன்றாக இருந்தது. இரண்டாவது வாரமே வீட்டு கேட்டில் உரசிக் கதவில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. வசந்தி திட்டவட்டமாகச் சொன்னாள்.

"நுவரெலியாவுல நல்ல கராஜ் இருக்கு. பேசாம அங்க கொண்டு போங்க. வேற எங்கயும் போகாதீங்க. சொல்லிட்டேன்."

அங்கே போகத்தான் கிளம்பினேன். ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதை கொட்டகலைக்குள்ளே போகிறது. கார் தானாகத் திரும்பியது என்று சொல்லமாட்டேன், நான்தான் திருப்பினேன்.

மாமா கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். கொப்பி எடுக்க நின்ற ஒருவர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். மாமா கீறலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதை ஒரு விரலால் மெதுவாகத் தடவினார்.

"வேற யாருக்கும் காட்டலியே, மாஸ்டர்?"

"இல்ல மாமா. நேரா உங்ககிட்டத்தான் வந்தேன்."

அவர் தலையாட்டினார். எழுந்து மலையைப் பார்த்தார். மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். வசந்தியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கார் என்ன நிறத்தில் திரும்பி வரும் என்றும் தெரியவில்லை. ஆனால் அது மாமாவிடம் இருக்கிறது என்று நினைத்தபோது, ஏனோ மனதுக்கு நிம்மதியாக இருந்தது.